வாடகை வீட்டுல இருக்கற ஏழைக் குடும்பத்துக்கு கரண்ட் பில்லு, கேஸ் செலவுக்கு அரசாங்க உதவி கிடைக்குமா?

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான்: அம்மா நாலு வீட்டுல வேலை செய்யறாங்க, வாடகை வீடு, அதே காம்பவுண்டுல இன்னும் மூணு குடும்பம், ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபா வாங்கறார், போன தடவை ரெண்டு மாசத்துக்கு 150 யூனிட்டுக்கு 1,200 ரூபா கட்டியிருக்காங்க, கேஸ் மானியமும் பேங்க்ல ஏறல, இந்த மாதிரி குடும்பத்துக்கு அரசாங்கத்துல உதவி ஏதாவது இருக்கா, இருந்தா எங்க அப்ளை பண்ணணும்?

நான் ஈபி-ல ரெவின்யூ பக்கம் ரொம்ப வருஷம் இருந்துட்டு ரிடையர் ஆனவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

தமிழ்நாட்டுல கரண்ட் பில்லு உதவிக்குன்னு பாரம் எழுதி, வருமானச் சான்று வச்சு, ஒரு ஆபீஸ்ல போய் நிக்கற மாதிரி திட்டம் கிடையாது. உதவி எல்லாமே மின் இணைப்போடவே ஒட்டிக்கிட்டு வருது. அரசாங்கம் அந்தக் காசை வருஷா வருஷம் ஈபி-க்கு கட்டுது, மின்சாரச் சட்டம் 2003ல 65வது பிரிவே அதுக்குத்தான், சலுகை கொடுக்கற அரசாங்கம் அந்தப் பணத்தை முன்கூட்டியே மின் நிறுவனத்துக்குக் கொடுத்துடணும்னு சொல்லுது. ஆக உங்க அம்மா பேருக்கான உதவி எங்கேயோ கிடக்கு, அது உங்க கைக்கு வராம நடுவுல எங்க நிக்குதுன்னு கண்டுபிடிக்கறதுதான் உங்க வேலை. நீங்க எழுதினதை வச்சுப் பாத்தா அது ஓனரோட மெயின் மீட்டர்லயே நிக்குது.

முதல்ல கணக்கு. வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு பில்லு. முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம், இது 2016 மே 23ல ஜெயலலிதா முதல்வரா பதவி ஏத்த அன்னிக்கே கையெழுத்து போட்ட உத்தரவுல ஒண்ணு. ஏழை பணக்காரன்னு இதுல பாக்கறதில்ல, வருமானம் கேக்கறதில்ல. 2024 ஜூலை 1ல வந்த ரேட்டை வச்சு சொல்றேன்: மொத்தம் 500 யூனிட்டுக்குள்ள இருந்தா 101ல இருந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2 ரூபா 35 காசு, 201ல இருந்து 400 வரைக்கும் 4 ரூபா 70 காசு, 401ல இருந்து 500 வரைக்கும் 6 ரூபா 30 காசு. முன்னாடி நிலைக்கட்டணம்னு ஒண்ணு இருந்துச்சு, 2022 செப்டம்பர்ல அதை வீடுகளுக்கு எடுத்துட்டாங்க, அதனால 100 யூனிட்டுக்குள்ள ஓட்டினா பில்லு உண்மையாவே பூஜ்யம்தான்.

இப்ப உங்க அம்மாவோட 150 யூனிட்டை இதுல போட்டுப் பாருங்க. முதல் 100 இலவசம், மிச்சம் 50ஐ 2.35 ஆல பெருக்கினா 117 ரூபா 50 காசு. நீங்க கட்டினது 1,200. ஒரு பில்லுல ஆயிரத்துக்கு மேல, வருஷத்துக்கு ஆறு பில்லு, ஆறாயிரத்துக்கு மேல போகுது. பாத்திரம் தேய்ச்சு சம்பாதிக்கற காசு அது, அதனாலதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

இது ஏன் இப்படி ஆகுதுன்னா, 100 யூனிட் இலவசம் குடும்பத்துக்கு இல்ல, இணைப்புக்குத்தான். நாலு குடும்பமும் ஒரே மெயின் மீட்டர்ல, ஆளுக்கொரு சப் மீட்டர் போட்டு ஓடிச்சுன்னா ஈபி கண்ணுக்கு அது ஒரே வீடு. ஆளுக்கு 150ன்னா மொத்தம் 600 யூனிட், 500ஐத் தாண்டிடுச்சு, தாண்டினா அந்த 2.35 ரேட்டே கிடையாது, 101லருந்தே 4.70, அப்புறம் 6.30, 500க்கு மேல 8.40. கூட்டிப் பாத்தா 2,880 ரூபா. அதே 600 யூனிட்டை நாலு தனி இணைப்புல பிரிச்சா மொத்தமே 470 ரூபாதான். ஓனர் உங்க நாலு பேர்கிட்டயும் 8 ரூபா கணக்குல வாங்கறது 4,800.

ஓனர் மேல உடனே கோபப்படாதீங்க, இதுல அவர் பக்கமும் ஒண்ணு இருக்கு. அவரும் அதே மீட்டர்ல இருந்து, தண்ணி மோட்டார், மாடிப்படி லைட்டு எல்லாம் சேந்து 1,000 யூனிட்டை எட்டிச்சுன்னா 601லருந்து 9.45, 801லருந்து 10.50, பில்லு 6,870 ரூபா வரும். "எனக்கே பத்து ரூபாக்கு மேல வருதுப்பா"ன்னு அவர் சொல்றது கடைசி 200 யூனிட்டுக்கு நிஜம். ஆனா சராசரி பாத்தா யூனிட்டுக்கு 7 ரூபா கூட இல்ல. அதனால அவர்கிட்ட பேசும்போது "நீங்க கொள்ளை அடிக்கறீங்க"ன்னு ஆரம்பிச்சா கதவு மூடிடும், "தனித்தனியா பிரிச்சா உங்க பில்லும் பாதிக்கு மேல இறங்கும் சார்"னு பேப்பர்ல கணக்கு போட்டு காட்டினா அவர் உக்காந்து கேப்பார். நான் பாத்த வரைக்கும் ஓனருங்க பயப்படறது ரெண்டு விஷயத்துக்குத்தான், ஒண்ணு செலவு, இன்னொண்ணு வாடகைக்காரர் பேருல இணைப்பு போச்சுன்னா நாளைக்கு காலி பண்ண மாட்டாங்களோன்னு. ரெண்டாவதுக்கு பதில் சுலபம், இணைப்பை அவர் பேருலயே வாங்கலாம், போர்ஷன் தனியா இருந்தா போதும், தனி வாசல், தனி சமையல்கட்டு, வயரிங் பிரிஞ்சு இருக்கணும், 12/1, 12/2ன்னு சப் டோர் நம்பர் இருந்தா இன்னும் நல்லது. செலவுக்கு, நாலு குடும்பமும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு டெபாசிட்ல பங்கு எடுத்துக்கறோம்னு சொல்லிப் பாருங்க, உங்க சேமிப்புல சில மாசத்துலயே அது திரும்ப வந்துடும்.

ஒரே குடும்பமே 100 யூனிட்டுக்காக வீட்டுல ரெண்டு மூணு மீட்டர் வச்சுக்கறது வேற விஷயம், அதைக் கண்டுபிடிச்சா ஈபி ஒண்ணா சேத்துடும். உங்களோடது அப்படி இல்ல, உண்மையான தனிக் குடும்பம், அதனால வாடகை ஒப்பந்தம் எழுதி கையில வச்சுக்கங்க, செக் பண்ண வந்தா அதைத்தான் கேப்பாங்க. ஓனர் சம்மதக் கடிதம் கொடுத்தா வாடகைக்காரரே தன் பேருல இணைப்பு கேக்கவும் வழி இருக்கு.

ஓனர் எதுக்குமே ஒத்துக்கலன்னா? குறைஞ்சபட்சம் மெயின் மீட்டரோட சர்வீஸ் நம்பரைக் கேளுங்க. அந்த நம்பர் இருந்தா ஆன்லைன்லயே பில்லு எவ்வளவுன்னு தெரியும், அந்த மொத்தத்தை நாலு குடும்பமும் யூனிட் விகிதத்துல பிரிச்சுக்கலாம்னு கேக்கறது நியாயமான கோரிக்கைதான். நாலு குடும்பம் மட்டும் இருக்கற மேல சொன்ன கணக்குல அப்படிப் பிரிச்சா உங்க பங்கு 720 ரூபா, 1,200 இல்ல. அடுத்த வீடு பாக்கும்போது வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி "ஈபி மீட்டர் தனியா, சப் மீட்டரா"ன்னு கேளுங்க, 500 ரூபா வாடகை கூட இருந்தாலும் தனி மீட்டர் வீடு உங்களுக்குக் கட்டுப்படியாகும்.

இந்த ஒரே மீட்டர் விஷயம் இன்னொரு இடத்துலயும் கடிக்கும், நிறைய பேருக்கு இது தெரியாது. 2023ல மகளிர் உரிமைத் தொகை ஆரம்பிச்சப்ப வச்ச நிபந்தனைல ஒண்ணு, வீட்டு மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள்ள இருக்கணும்னு. கணக்கு போட்டா ரெண்டு மாசத்துக்கு 600. நாலு குடும்பம் ஓட்டற மீட்டர் நம்பரை உங்க அம்மா தன் மீட்டர்னு பாரத்துல எழுதினா அந்தக் கோடு கிட்ட போய் நிக்கும். அந்த மாதிரி நிராகரிப்பு வந்தா, அது நாலு குடும்பத்து மீட்டர்னு வாடகை ஒப்பந்தம் காட்டி மேல்முறையீடு பண்ணுங்க.

தனி மீட்டர் வச்சிருக்கறவங்களுக்கு இனி வர்றது. உங்க கண்ணு எப்பவும் 500லயே இருக்கணும். 500 யூனிட்டுக்கு பில்லு 1,805 ரூபா. 510 யூனிட்டுக்கு 2,124. பத்து யூனிட்டுக்கு 319 ரூபா கூடுது, ஏன்னா தாண்டின உடனே முன்னாடி இருக்கற யூனிட்டுக்கும் சலுகை போயிடுது. அதனால ரீடிங் எடுத்துட்டு போன தேதியையும் நம்பரையும் காலண்டர்ல எழுதுங்க, 40 நாள், 50 நாள்ல மீட்டரைப் பாருங்க, 500 கிட்ட போகுதுன்னா கடைசிப் பத்து நாள் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு இதையெல்லாம் அடக்கி வாசிங்க. ஃபேனையும் லைட்டையும் நிறுத்தி குழந்தைகளை புழுக்கத்துல போட வேண்டாம், அதுல மிச்சமாகறது ரொம்பக் கம்மி. பழைய ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் போயிருந்தா அதுதான் ராத்திரி பகலா தின்னுட்டு இருக்கும், முதல்ல அதை மாத்துங்க.

ரீடிங் தேதியும் இதே அளவு முக்கியம். ஒரு வீடு நாளைக்கு 8 யூனிட் ஓட்டுதுன்னா 60 நாள்ல 480, கோட்டுக்குள்ள. ரீடிங் எடுக்கறவர் 70வது நாள் வந்தா 560, கோட்டைத் தாண்டிடும், தப்பு உங்க மேல இல்லாமலே. இந்த மாதிரி ஆச்சுன்னா வாய்ல சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, உங்க பகுதி ஏ.இ. (உதவிப் பொறியாளர்) ஆபீஸ்ல போன ரீடிங் தேதி, இந்த ரீடிங் தேதி ரெண்டையும் போட்டு எழுத்துல கொடுத்து, நகல்ல சீல் வாங்கிக்கங்க. கதவு பூட்டியிருந்துச்சுன்னு பழைய சராசரி போட்டு பில்லு வந்திருந்தாலும் அதே வழிதான், மீட்டரை போட்டோ எடுத்து கூடவே வைங்க.

பில்லுல இருக்கற டாரிஃப்னு, அதாவது கட்டண வகைன்னு, ஒரு சின்ன எழுத்தை யாரும் பாக்கறதில்ல. வீட்டுக்கு 1-ஏ இருக்கணும். அரசு வீட்டுத் திட்டத்துல கடன ஒடன வாங்கி வீடு கட்டறவங்க கட்டும்போது தற்காலிக இணைப்பு வாங்குவாங்க, அந்த ரேட் ரொம்ப அதிகம், வீடு முடிஞ்சு குடி போன பிறகும் அதை மாத்தாமலே அதிக ரேட்ல கட்டிக்கிட்டு இருக்கற குடும்பங்களை எனக்கு நல்லாத் தெரியும், அவங்களுக்கு இலவச 100 யூனிட்டும் கிடையாது. வீடு முடிஞ்ச அன்னிக்கே 1-ஏக்கு மாத்தச் சொல்லி விண்ணப்பம் போடுங்க, சின்ன வீட்டுக்கு நிறைவுச் சான்று தேவைப்படாது. முன்னாடி கடையா இருந்த ரூம்ல இப்ப குடும்பம் குடியிருந்தாலும் இதே பிரச்சனை, கமர்ஷியல்லயே ஓடிக்கிட்டு இருக்கும்.

குடிசை இணைப்புன்னா 1-பி, அதுக்கு பில்லே கிடையாது, அரசாங்கமே கட்டுது. ஆனா கூரையை மாத்தி கான்கிரீட் போட்டாச்சுன்னா 1-ஏக்கு மாத்திக்கறதுதான் பத்திரம், பறக்கும் படை வந்து கண்டுபிடிச்சா அபராதம் தாங்க முடியாது, 1-ஏ ஆனாலும் 100 யூனிட் இலவசம் இருக்கத்தானே செய்யுது. கைத்தறி நெசவாளர் குடும்பமா இருந்தா ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் இலவசம், விசைத்தறின்னா 1,000, ரெண்டுமே 2023ல கூட்டினது.

சோலார் பத்தியும் இப்ப எல்லாரும் கேக்கறாங்க. மத்திய அரசோட சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரில வந்துச்சு, 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 அல்லது அதுக்கு மேல 78,000 ரூபா மானியம். சொந்த மாடி வேணும், மீதிப் பணம் கையில இருந்து போடணும். 150 யூனிட், 200 யூனிட் ஓட்டற வீட்டுக்கு பில்லே 117 ரூபா, 235 ரூபாதான், அதுக்கு கடன் வாங்கி பேனல் போடறது வேண்டாத வேலை. 700, 800 ஓட்டற கூட்டுக் குடும்பம், சொந்த வீடுன்னா யோசிக்கலாம்.

இப்ப கேஸ். உங்க அம்மாவோட கனெக்‌ஷன் உஜ்வலாவா (ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு மத்திய அரசு கொடுக்கற கேஸ் திட்டம்), சாதாரணமான்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க, ஏஜென்சில கேட்டாலே சொல்லிடுவாங்க. சாதாரண கனெக்‌ஷன்னா மானியத்துக்காக காத்திருக்காதீங்க, 2020 நடுவுல இருந்தே பெரும்பாலான ஊர்கள்ல அது பூஜ்யம் ஆயிடுச்சு, பேங்க்லயும் தப்பு இல்ல, ஏஜென்சிலயும் தப்பு இல்ல. நிறைய பேர் இதுக்காக பேங்க் பேங்கா அலையறதைப் பாக்க எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

உஜ்வலா 2016 மே 1ல ஆரம்பிச்சது. வீட்டுல யார் பேருலயும் கேஸ் இல்லாத ஏழைக் குடும்பத்துல 18 வயசு முடிஞ்ச பெண் பேருல கொடுக்கறாங்க, டெபாசிட் கிடையாது, 2021ல வந்த ரெண்டாவது கட்டத்துல இருந்து முதல் சிலிண்டரும் அடுப்பும் கூட இலவசம். வெளியூர்ல இருந்து பிழைக்க வந்தவங்களுக்கு விலாசத்துக்கு ரேஷன் கார்டு இல்லன்னாலும் சுய உறுதிமொழி போதும்னு அதுலதான் மாத்தினாங்க. இருக்கற சாதாரண கனெக்‌ஷனை உஜ்வலாவா மாத்த முடியாது, "நான் மாத்தித் தரேன், 2,000 கொடு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

உஜ்வலால இருக்கறவங்களுக்கு 14.2 கிலோ சிலிண்டருக்கு 300 ரூபா மானியம், 2023 அக்டோபர்ல இருந்து, 2025-26 நிதியாண்டுல வருஷத்துக்கு 9 சிலிண்டர் வரைக்கும். சிலிண்டர் வாங்கும்போது முழு விலை கொடுக்கணும், 300 அப்புறம் பேங்க்ல ஏறும். ஏறலன்னா பெரும்பாலும் காரணம் ரெண்டுதான். ஒண்ணு, ஆதார் எந்த பேங்க்கோட கடைசியா இணைஞ்சிருக்கோ பணம் அங்கதான் போகும், உங்க அம்மா எப்பவோ குழுக் கடனுக்காகத் திறந்து மறந்துபோன ஒரு கணக்குல அது பாட்டுக்கு விழுந்துக்கிட்டு இருக்கலாம், ஆதார் வெப்சைட்டுலயே எந்த பேங்க்னு பாக்கலாம். ரெண்டாவது, இ-கேஒய்சி, அதாவது ஆதார் வச்சு ஆளை உறுதிப்படுத்தறது, பண்ணாம விட்டிருப்பாங்க, ஏஜென்சில கைரேகையோ முகமோ வச்சு ரெண்டு நிமிஷ வேலை, காசு கிடையாது. வீட்டு வேலை செய்யற பெண்களுக்கு சோப்பு தண்ணில ரேகை தேஞ்சு போயிருக்கும், மெஷின் எடுக்காது, அப்ப முகத்தை வச்சு பண்ணச் சொல்லுங்க. எதுவும் நடக்கலன்னா 1800-233-3555 இலவச எண்ல புகார் பதியலாம். கேஸ் கசிவுன்னா 1906.

இன்னொண்ணு, சிலிண்டர் போட வர்றவருக்கு பில்லுல இருக்கற தொகைக்கு மேல கொடுக்கணும்னு கட்டாயம் இல்ல, வீட்டுக்கு கொண்டு வர்ற கூலி அந்த விலையிலேயே சேந்திருக்கு. மூணு மாடி தூக்கிட்டு வர்றவருக்கு மனசாரக் கொடுக்கறது வேற. நீங்களே குடோன்ல போய் எடுத்தா கொஞ்சம் குறைச்சு பில்லு போடணும்னும் இருக்கு.

ஈபி புகாருக்கு மின்னகம், 94987 94987, 2021ல இருந்து இருபத்திநாலு மணி நேரமும் எடுக்கறாங்க, புகார் எண் கேட்டு வாங்கி எழுதி வைங்க. ஏ.இ. ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தும் பதில் வரலன்னா ஒவ்வொரு வட்டத்துக்கும் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கு, மேற்பார்வைப் பொறியாளர் ஆபீஸ்ல, வக்கீல் வேண்டாம், வெள்ளைத்தாள்ல எழுதினா போதும், அதுலயும் திருப்தி இல்லன்னா மின் குறைதீர்ப்பாளர். பில்லு ஒரேயடியா எகிறி மீட்டர் மேல சந்தேகம்னா எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டு மீட்டர் லைட்டு துடிக்குதான்னு பாருங்க, துடிச்சா வயரிங்ல எங்கேயோ ஒழுகுது இல்ல பக்கத்து வீட்டு ஒயரு உங்க லைன்ல இருக்கு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, அதுக்கப்புறம் மீட்டர் டெஸ்ட்டுக்குப் பணம் கட்டலாம். கட்ட முடியாத அளவு பாக்கி சேந்திருந்தா ஃபியூஸ் பிடுங்கற வரைக்கும் ஒளிஞ்சுக்காம முன்னாடியே போய் தவணை கேட்டு எழுதிக் கொடுங்க.

"இன்னிக்கு ராத்திரி 9 மணிக்கு உங்க கரண்ட் கட் ஆகும், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு வர்ற மெசேஜ் ஈபி அனுப்பறது இல்ல, அம்மா போன்ல அது வந்தா கூப்பிட வேண்டாம், அவங்க அனுப்பற ஆப் எதையும் இறக்க வேண்டாம்னு இன்னிக்கே சொல்லி வைங்க. "மானியம் போட்டிருக்கோம், ஓடிபி சொல்லுங்க"ன்னு வர்ற போனும் அதே கூட்டம்தான்.